சிமெண்ட் சாம்பலுக்கு நான் கொடுத்த ஒப்புதல்

கார்களைப் பற்றி என்னிடம் அபிப்பிராயம் கேட்டவர்கள் யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போனதில்லை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருக்க, சிலர் நின்றுகொண்டே காஞ்சிபுரம் வரை வந்திருக்கிறார்கள். எங்கள் பெயிண்ட் பிரிவில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். அதற்குக் கட்டுரை வேண்டும் என்றதும் கார்த்திக்கு என் ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை. நான் விருப்ப ஓய்வில் வெளியே வந்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்தவன் அவன்.

"சார், இப்ப எவனைப் பார்த்தாலும் சிமெண்ட் கலர்லயே கார் வாங்குறான். ஏன்னு நீங்க எழுதுங்க. உங்க ஸ்டைல்ல, ஜாலியா" என்றான் போனில்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஜாலியாக வராது என்று சொல்லவில்லை. போன கார்த்திகை மாதம் என் மகள் யாழினி அந்த நிறக் காரை ஓட்டிப் போனபோதுதான் அடிபட்டாள். வலது தொடை எலும்பும் தோள்பட்டை எலும்பும் முறிந்தன. இப்போது நடக்கிறாள். லேசாகக் காலை இழுத்து நடக்கிறாள். அந்த நிறம் கம்பெனியை விட்டு வெளியே போவதற்கு முன் ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் காரை அவளுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் நான்தான். ஆகவே கார்த்தி கேட்ட கட்டுரை இதுதான். வேறு மாதிரி எழுத எனக்கு வரவில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் தறி ஓடும் வீட்டில் பிறந்தேன். எனக்குத் தறியில் மனம் போகவில்லை. தெருவில் நிற்கிற காரின் பின்விளக்கைப் பார்த்து அது எந்த வருஷத்து வண்டி என்று சொல்லுகிற பையனாக இருந்தேன். டிப்ளமோ முடித்ததும் கார் தொழிற்சாலை ஒன்றில் பெயிண்ட் பிரிவில் சேர்ந்தேன். இரண்டு வருஷம் உப்புத்தாள் தேய்த்தேன், மூன்று வருஷம் ஸ்ப்ரே. பிறகு நிறப் பரிசோதனைக்கு மாற்றினார்கள். அங்கேதான் ஓய்வு வரை இருந்தேன்.

பலருக்கு இந்த வேலை என்னவென்றே தெரியாது. காரின் கதவும் பானெட்டும் இரும்பு. பம்பர் பிளாஸ்டிக். இரும்பைத் தொழிற்சாலைக்குள் பெயிண்ட் அடித்துப் பெரிய சூளையில் வேகவைப்போம். பம்பர் வெளியிலிருந்து வேறு ஒருவர் கையால் பெயிண்ட் அடிக்கப்பட்டு வரும். அந்தச் சூட்டை அது தாங்காது என்பதால் அதன் பெயிண்டே வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பூட்டினால் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும். தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

பார்ப்பதற்கு முறை உண்டு. சாம்பல் நிறச் சுவர் உள்ள ஒரு சிறு அறை. நாமும் சாம்பல் கோட்டு போட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சிவப்புச் சட்டை போட்டவன் நின்றால் பானெட்டும் கொஞ்சம் சிவக்கும். மூன்று வகை விளக்கை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் நேராக நின்று, சாய்ந்து நின்று, பானெட்டோடு கண்ணை வைத்துப் படுக்கையாகப் பார்க்க வேண்டும். இடையிடையே கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்து ஆற விட வேண்டும். பிறகு வண்டியை வெளியே கொண்டுபோய், காலை வெயிலில் ஒரு முறை. கடைசியில் ஒரு தாள். அதில் பதினாறு கட்டங்கள். பதினாறாவது கட்டம் மட்டும் அகலமாக இருக்கும். 'வேறு குறிப்பு' என்று போட்டிருக்கும். அதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

எங்கள் பிரிவுத் தலைவர் விஜயலட்சுமி மேடம். சின்ன காஞ்சிபுரத்தில் தெலுங்கு பேசும் ஜவுளிக் குடும்பம். என் பஸ்ஸில்தான் வருவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. தப்பு நடந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவை முனையில் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும். அதற்குத் திட்டிவிட்டாலே தேவலை என்று இருக்கும். என்ன பார்த்தீர்கள் என்று முதலில் கேட்க மாட்டார். எங்கே நின்று பார்த்தீர்கள் என்றுதான் கேட்பார். இனிப் பேசிப் பயனில்லை, வேலையைப் பார்ப்போம் என்று முடிவு செய்துவிட்டால் 'சர்லே' என்பார். அந்த ஒரு தெலுங்குச் சொல்லுக்கு எங்கள் பிரிவே எழுந்து ஓடும்.

நான் செய்த முதல் பெரிய தப்பை எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவனும் செய்திருக்க மாட்டான். நீலமும் பச்சையும் கலந்த ஒரு மெட்டாலிக் நிறம் புதிதாக வந்தது. பம்பரும் பானெட்டும் நேராகப் பார்த்தால் ஒன்றுதான். சாய்ந்து பார்த்தால் பம்பர் பச்சைக்கு ஓடியது. ஓடுகிறது என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் என் கண்ணுக்கு அது குறையாகப் படவே இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த மயில்கழுத்துப் புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வளர்ந்த கண் இது. திருப்பினால் மாறாத நிறத்தை எங்கள் வீட்டில் உயிரில்லாத நிறம் என்பார்கள். அழகாக இருக்கிறது என்று ஒரு ஷிப்டு முழுக்கக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அதில் ஒரு கார் காஞ்சிபுரம் ஷோரூமுக்கே வந்தது. வாங்க வந்தவர் பட்டுக் கடைக்காரர். தன் கடையில் வாடிக்கையாளர்கள் புடவையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பதுபோல, காரைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். சுற்றி வந்தார். நான் விடுமுறை நாளில் சும்மா அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாபா இது, உடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு? காருக்கும் கோர்வை போட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். கரையை வேறு நிறத்தில் நெய்து உடலோடு பிணைப்பதைத்தான் நாங்கள் கோர்வை என்போம். ஷோரூம் பையன்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் ஷோரூமிலிருந்து புகார் வந்ததும் மேடம் கண்ணாடியைத் துடைத்தார். என்னை வெயிலுக்குக் கூட்டிப்போய் நான் நின்ற இடங்களில் எல்லாம் மறுபடி நிற்கவைத்தார்.

"பச்சை ஓடுறது தெரியலையா?"

"தெரிஞ்சது மேடம்."

"பின்ன?"

"நல்லா இருந்துச்சு மேடம்."

"உங்களுக்குப் பிடிச்சிருக்கான்னு கம்பெனி கேக்கல. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. பிடிக்காததை எல்லாரும் ரெண்டு தடவை பார்ப்பாங்க. நீங்க பிடிச்சதை ரெண்டு தடவை பாருங்க. சர்லே, பம்பரை எல்லாம் இறக்கச் சொல்லுங்க."

இறக்கினோம். மூன்று நாள் ஆனது.

இப்போது கார்த்தி கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஏன் எல்லாம் சாம்பல்?

ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறும்போது குழாயெல்லாம் கழுவ வேண்டும், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக பம்பர் இருப்பு வைக்க வேண்டும். நிறம் குறைந்தால் தொழிற்சாலைக்குத் தலைவலி குறையும். ஆனால் அதைச் சொல்லிக் காரை விற்க முடியாது. எனவே ஆரஞ்சையும் பச்சையையும் எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதுதான் உயர்ந்த ரசனை என்று சொல்ல வேண்டும். விலை உயர்ந்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் சில, மினுக்கில்லாத வெறும் சாம்பலில் வந்து பெயர் வாங்கின. உடனே எல்லாக் கம்பெனியும் அதே சாம்பலைச் சின்னக் கார்மேல் பூசியது. என் அபிப்பிராயத்தில் இன்றைய கார் கம்பெனிகளின் பெரிய வியாதி இதுதான். பெரிய வண்டியின் முகத்தை வெட்டிச் சின்ன வண்டியில் ஒட்டுவது. சந்தில் திரும்ப வேண்டிய காருக்கு லாரி மாதிரி முன்பக்க கிரில். காட்டுக்கே போகாத வண்டிக்குச் சுற்றிலும் கறுப்பு பிளாஸ்டிக். இரண்டு வெயிலில் அது வெளுத்து அடுப்புச் சாம்பல் மாதிரி ஆகிவிடும். ஒரு குடும்பத்து முகம் வேண்டும் என்று சொல்லி அண்ணன், தம்பி, ஒன்றுவிட்ட தம்பி எல்லோருக்கும் ஒரே முறைப்பு. ரோட்டில் வருகிற கார் எல்லாம் நம்மேல் கோபமாகவே வருகிறது.

இப்படியெல்லாம் பேசுகிற எனக்கு, அந்தச் சாம்பல் பிடித்திருந்தது. அதுதான் விஷயம்.

முதல் சோதனை வண்டி சூளையிலிருந்து வந்தபோது அப்படியே நின்றுவிட்டேன். மினுக்கு இல்லை, ஓட்டம் இல்லை. ஈரமான களிமண்ணில் பிடித்து வைத்ததுபோல இருந்தது. காரின் ஒவ்வொரு வளைவும் நிழலாகத் தெரிந்தது. மெட்டாலிக் பொடி இல்லாததால் பம்பர் எந்தப் பக்கம் பார்த்தாலும் பொருந்தியது. என் வேலைக் காலத்தில் அத்தனை சுத்தமாகப் பொருந்திய நிறம் வேறு கிடையாது. 'சிமெண்ட் சாம்பல்' என்று நாங்கள் சொன்னோம். விற்பனைக்காரர்கள் வேறு ஏதோ நீளமான பெயர் வைத்தார்கள்.

அந்த வண்டியை வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய அன்று வெயில் இல்லை, தூறல். வண்டியை யார்டில் நிறுத்தியிருந்தார்கள். நான் கையில் தாளோடு அதைத் தேடிக்கொண்டு போனேன். ஈரமான தார்த் தரை, மூட்டமான வானம். வரிசையில் வெள்ளை இருந்தது, சிவப்பு இருந்தது. சாம்பலைக் காணோம். எடுத்துப் போய்விட்டார்கள்போல என்று திரும்பினேன். பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதே நேரம் யார்டுக்குள் வண்டிகளை நகர்த்தும் டிரைவர் ஒருவர் இன்னொரு காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்தவர், திடீரென்று பிரேக் போட்டார்.

தலையை வெளியே நீட்டி, "சார், இங்க ஒரு காரு நிக்குதா? எனக்குத் தெரியவே இல்லியே சார்" என்றார்.

"கண்ணாடி போடுய்யா" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பதினைந்து கட்டங்களையும் நிரப்பினேன். எல்லாம் சரி, சரி, சரி. மேடம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது?" என்று கேட்டார்.

"இல்லை மேடம்."

"பிடிச்சிருக்கா?"

"ரொம்ப மேடம்."

ரெண்டு தடவை பார்த்தீர்களா என்று கேட்பார் என்று நினைத்தேன். அன்று அவர் மேலதிகாரிகளின் கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

என் ஒரு தாளால் அந்த நிறம் வெளிவராமல் நின்றிருக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் தூறலில் வண்டி தெரியவில்லை என்று பதினாறாவது கட்டத்தில் நான் எழுதியிருந்தால் யாராவது அதைப் படித்திருக்கலாம். பகலில் தானாக எரியும் முன்விளக்கை விலை கூடிய வகைக்கு மட்டும் வைத்திருந்தார்கள். அந்த நிறத்துக்காவது அதை எல்லா வகையிலும் வையுங்கள் என்று யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் போயிருக்கலாம். எழுதாததால் இரண்டும் இல்லை.

யாழினிக்கு வாலாஜாபாத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். கார் வேண்டும் என்றாள். எங்கள் கம்பெனி கார்தான், அதில் பேச்சே இல்லை. அவள் கேட்டது சிவப்பு.

"தீயணைப்பு வண்டி ஓட்டப் போறியா?" என்றேன். சிவப்பு வெயிலில் வெளுக்கும், விற்கும்போது கேட்க ஆள் வராது, சாம்பல்தான் உருவத்தைக் காட்டும் என்று அரை மணி நேரம் பேசினேன்.

"போதும்பா, சாம்பலே வாங்கிக்கலாம். காது வலிக்குது" என்றாள். ஒரு படி குறைந்த வகைதான் வாங்கினோம். தானாக எரியும் விளக்கு அதில் இல்லை.

கார்த்திகை மழை. காலை ஆறரை. விடிந்துவிட்டது என்பதால் அவள் விளக்குப் போடவில்லை. எதிரில் ஒரு பஸ். பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு சரக்கு வேன் அவள் பக்கத்துக்கு ஏறி வந்தது. அவள் இடப்புறம் ஒடித்தாள். போதவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வேன் டிரைவர் வந்தார். ஓடிப்போயிருக்கலாம், வந்தார். நெற்றியில் அவருக்கும் கட்டு. என் மனைவி செல்வி அவர் சட்டையைப் பிடிக்காத குறை.

"கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? எம் பொண்ணு வந்துக்கினு இருக்கா, நீ பாட்டுக்கு ஏறிட்டு வருவியா?"

"சாமி சத்தியமா தெரியலமா. ரோடு காலியா கீதுன்னு பார்த்துட்டுதான் ஏறுனேன். வெறும் ரோடுதாம்மா தெரிஞ்சுது."

"பொய் சொல்றான் பாருங்க! நீங்க ஏன் வாயத் தொறக்காம நிக்கிறீங்க? கேளுங்க!"

நான் கேட்கவில்லை. முந்தியது அவர் தப்புதான், வழக்கும் அப்படித்தான் போகிறது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பது அந்த வராந்தாவில் எனக்கு மட்டும் தெரிந்தது.

எட்டு மாதம் கழித்து, போன வாரம் கார் பட்டறையிலிருந்து வந்தது. புது ஃபெண்டர், புதுக் கதவு. பழக்கம் விடவில்லை, சாய்ந்து பார்த்தேன், படுத்துப் பார்த்தேன். அருமையாகப் பொருத்தியிருந்தார்கள். சாவியை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை யாழினி கேட்டாள். "திங்கள்கிழமைலேர்ந்து டூட்டிக்குப் போறேன். சாவி எங்கப்பா?"

"பஸ்ல போ. காரை வித்துடலாம்."

"ஏன்? டாக்டரே ஓட்டலாம்னு சொல்லிட்டாரு."

"வித்துடலாம்னா வித்துடலாம்."

"நான் பஸ்ஸுக்கு அஞ்சு மணிக்குக் கிளம்பணும். இந்தக் காலை வச்சிக்கினு நின்னுக்கினே போவணும். அதுக்கு வேலையே விட்டுடலாம். அதான் உங்க ஆசையா? பயந்துக்கினு வீட்லயே கிடன்னு சொல்லுங்களேன் நேரா."

செல்வி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். அவளும் என் கட்சிதான், ஆனால் அவளுக்கு ரோட்டின் மேல்தான் பயம். அப்போதுதான் இரண்டு பேரிடமும் சொன்னேன். தூறல், யார்டு, பிரேக் போட்ட டிரைவர், காலியாக விட்ட கட்டம். சொல்லி முடித்தபோது செல்வி உள்ளே போய்விட்டாள். அவள் இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

யாழினி மட்டும் உட்கார்ந்திருந்தாள். "நான் லைட்டு போடல. அந்தாளு ராங் சைடுல வந்தான். நீங்க கலர் சொன்னீங்க. எல்லாத்துக்கும் நீங்களே கையெழுத்து போடணுமாப்பா?" என்றாள். பிறகு, "நிஜமாவே அவ்ளோ தெரியாதா? சும்மா உங்களுக்கு மனசு கேக்காம சொல்றீங்களா?" என்றாள்.

"வா, காட்டுறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் தூறல் விடவில்லை. கூரம் போகிற சாலையில் அந்நேரம் வண்டிகள் அதிகம் வராது. நான்தான் ஓட்டினேன். ஓரமாக நிறுத்தி, அவளை இறக்கி, குடையைக் கொடுத்தேன். நடக்க விடலாமா என்று ஒரு யோசனை. அதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். காலை இழுத்துக்கொண்டு மின்கம்பங்களைத் தாண்டிப் போனாள். நான் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து, காதில் போனை வைத்துக்கொண்டேன். முன்கண்ணாடி வழியே அவளுடைய நீலக் குடை நன்றாகத் தெரிந்தது.

"ரெண்டாவது கம்பம். தெரியுதுப்பா. நல்லாவே தெரியுது."

"போ."

"மூணாவது. தெரியுது... நம்பர் பிளேட்டு தெரியுது."

"இன்னும் போ. பார்த்து, ஓரமா போ."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் வந்தது. குடை நின்று திரும்புவது தெரிந்தது.

"அப்பா, வண்டிய எடுத்துட்டீங்களா?"

"இல்லமா. அங்கேயேதான் இருக்கேன்."

குடை அசையாமல் நின்றது. அவள் மூச்சு விடுவது போனில் கேட்டது.

"லைட்டு போடுங்க" என்றாள் கடைசியில். போட்டேன். "ம். இப்ப தெரியுது."

திரும்பி வர நேரமானது. வந்ததும் என் பக்கக் கதவைத் திறந்து, "தள்ளிக்கோங்க" என்றாள். நான் இறங்கிச் சுற்றிப் போய் மறுபக்கம் உட்கார்ந்தேன். சீட்டை முன்னால் இழுத்தாள். விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"திங்கள்கிழமை இதுலதான் போவேன். லைட்டு போட்டுக்கினு போவேன்."

"பெயிண்ட் மாத்திடலாம். ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா ஆர்.சி.யில மாத்திக் குடுப்பாங்க. நான் விசாரிச்சுட்டேன்."

"சிவப்பு."

"சிவப்பும் மழை மூட்டத்துல கறுத்துடும்மா. இது விக்கிறவன் பேச்சு இல்ல, நிஜம். எலுமிச்சை மஞ்சள் அடிக்கலாம்."

"மஞ்சளா? அய்யே, ஆட்டோ மாதிரி இருக்கும்பா."

"இருக்கட்டும். ஆட்டோ வந்தது தெரியலன்னு எவனும் சொன்னதில்ல."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எட்டு மாதத்தில் இந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இண்டிகேட்டரைப் போட்டு, பின்னால் இரண்டு முறை பார்த்து, வண்டியை ரோட்டில் ஏற்றினாள்.